சூப்பர் ஹீரோ காமிக்ஸின் ஆண்டு மலர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸைப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பாதி, அட்டையில் ‘ஆனுவல்’ என்று போட்டிருக்கும் இதழ்களைப் பற்றித்தான். இதைப் படித்தே ஆக வேண்டுமா, எந்த மாத இதழுக்குப் பிறகு படிப்பது, ஏன் சிலது தலையணை மாதிரியும் சிலது தோசை மாதிரியும் இருக்கிறது? ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். பேச்செல்லாம் மார்வெல், டிசி என்ற இரண்டு பெரிய காமிக்ஸ் நிறுவனங்களைச் சுற்றித்தான் இருக்கும். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தனியாக எடுத்து, ஒரே மூச்சில் படித்து, முடித்து மூடி வைக்க முடிகிற பெரிய கதைதான் ஆனுவல் என்பது என் கட்சி.

ஆனுவல் என்றால் சரியாக என்ன?

மாதாமாதம் வரும் இதழுக்கு மேல், வருஷத்துக்கு ஒருமுறை வரும் தடித்த இதழ். நம் வாரப் பத்திரிகைகள் போடும் தீபாவளி மலரை நினைத்துக்கொள்ளுங்கள். மாத இதழின் வரிசை எண்ணில் இது சேராது; இதற்குத் தனி எண் உண்டு. பக்கம் கூட, விலையும் கூட. தீபாவளி மலரோடு ஒப்பிட்டால் ஒரே வித்தியாசம், பெரும்பாலும் இது கோடையில் வந்தது. அங்கே ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை பள்ளி விடுமுறை. பொழுது நிறையவும் காசு கொஞ்சமாகவும் வைத்திருக்கும் பிள்ளைகளைக் குறிவைத்துப் போட்ட புத்தகம். லயன் காமிக்ஸின் கோடை மலருக்காகக் காத்திருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எப்போது தொடங்கியது?

தடித்த சிறப்பிதழ்கள் அதற்கு முன்பும் வந்ததுண்டு. ஆனாலும் சூப்பர் ஹீரோ ஆனுவல் என்ற வழக்கத்தை 1960-ஆம் ஆண்டு கோடையில் டிசி வெளியிட்ட சூப்பர்மேன் ஆனுவல் முதல் இதழிலிருந்து எண்ணுவதுதான் முறை. 80 பக்கம், 25 சென்ட். அந்த நாளில் வழக்கமான காமிக்ஸ் 32 பக்கம், 10 சென்ட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சென்டுக்கு 3.2 பக்கம், இரண்டிலும் அதேதான். அதாவது மொத்தமாக வாங்குகிறவனுக்கு ஒரு பைசா தள்ளுபடி கிடையாது! அப்படியும் விற்றுத் தீர்ந்தது. அதே வருஷமே சூப்பர்மேனுக்கு இரண்டாவது ஆனுவல் போட்டார்கள். 1961-இல் பேட்மேனுக்கும் வந்துவிட்டது. கடைக்காரர்களுக்கும் சந்தோஷம். பத்து சென்ட் புத்தகம் விற்றால் கையில் நிற்பது சொற்பம். இருபத்தைந்து சென்ட் புத்தகம் அதே இடத்தைத்தான் அடைக்கும், ஆனால் லாபம் இரண்டு மடங்குக்கு மேல். கொஞ்ச நாளில் மாத இதழ் 12 சென்டுக்கு ஏறிவிட, ஆனுவல்தான் மலிவு என்று ஆகிவிட்டது. 1964-இல் டிசி ‘80 பக்க ஜயண்ட்’ என்று தனி வரிசையே தொடங்கியதற்கு இந்த வெற்றிதான் காரணம்.

அதில் இருந்ததெல்லாம் பழைய கதைகளாமே? எப்படி வாங்கினார்கள்?

ஆமாம், அந்த ஆரம்ப டிசி ஆனுவல்கள் மறுபதிப்புத் தொகுப்புகள்தான். இன்றைக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரியும். அன்றைய நிலைமை வேறு. காமிக்ஸ் என்பது படித்துவிட்டுத் தூக்கிப் போடும் பொருள். போன வருஷத்து இதழ் கடையில் கிடைக்காது. தொகுப்பு நூல் என்ற பேச்சே இல்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை வாசகர் கூட்டமே மாறிவிடும் என்று ஆசிரியர்கள் நம்பினார்கள். அது உண்மையும்கூட. 1960-இல் பத்து வயதான பிள்ளைக்கு 1954-இல் வந்த கதை புத்தம் புதுசுதானே?

பழைய கதைகளைப் படிக்க வேறு வழியே இல்லாத காலத்தில் ஆனுவல்தான் நூலகம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புதுக் கதையோடு ஆனுவல் போட்டது யார்?

மார்வெல். 1963-இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் ஆனுவலில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் சேர்ந்து 37 பக்கத்தில் ஒரே கதை போட்டார்கள். கடலுக்கடியில் ஆளும் நேமோர், தன் படையோடு நியூயார்க் மீது ஏறி வருகிற கதை. மாத இதழில் இருபத்துச் சொச்சம் பக்கத்துக்குள் அடங்க வேண்டிய கிர்பிக்கு அது கட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி.

ஆனாலும் ஆனுவல் என்ற வடிவத்துக்கு முழு உருவம் கொடுத்தது அடுத்த வருஷம், 1964-இல் வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் முதல் ஆனுவல்தான் என்பேன். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். டாக்டர் ஆக்டோபஸ் ஆறு வில்லன்களைக் கூட்டுச் சேர்க்கிறான்: வல்ச்சர், எலக்ட்ரோ, கிரேவன், மிஸ்டீரியோ, சேண்ட்மேன், அப்புறம் அவனே. ஸ்பைடர்மேனுக்கோ அந்த நேரம் பார்த்துச் சக்தி போய்விட்டது. மே அத்தையைக் கடத்திவிட்டார்கள். ஆறு பேரும் ஒன்றாகப் பாய்ந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். அதனால் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அந்த ஆறு சண்டைக்கும் ஆளுக்கு ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்குகிறார். ஒரு பக்கத்தில் எட்டு ஒன்பது கட்டம் போட்டு நெருக்கியடித்து வரையும் மனிதர் அவர். பக்கத்தைத் திருப்பினால் திடீரென்று ஒரே படம், விளிம்பு வரைக்கும். அந்த வயதில் அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதற்கு நடுவே கடத்தப்பட்ட மே அத்தைக்குத் தான் கடத்தப்பட்டதே தெரியாது. முதுகிலிருந்து நாலு இரும்புக் கைகள் நெளியும் ஆக்டோபஸைப் பார்த்து, எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கதைக்கு 41 பக்கம். மீதியில் வில்லன்களின் படத்தொகுப்பு, ஸ்பைடர்மேனின் சக்திகளுக்கு விளக்கம், அப்புறம் லீயும் டிட்கோவும் எப்படிக் கதை தயாரிக்கிறார்கள் என்று தங்களையே கிண்டல் செய்துகொள்ளும் மூன்று பக்கம். மாத இதழில் கிடைக்காதது எல்லாம் இதில் உண்டு. போன மாதம் என்ன நடந்தது என்று தெரியாமலேயே படிக்கலாம். அடுத்த மாதம் வாங்கினால்தான் முடிவு தெரியும் என்ற மிரட்டலும் இல்லை.

கல்யாணம் எல்லாம் ஏன் ஆனுவலிலேயே நடக்கிறது?

வீட்டு விசேஷம் மாதிரிதான். ஊரையே கூப்பிட வேண்டுமென்றால் மண்டபம் பெரிசாக இருக்க வேண்டும். 1965-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் மூன்றாம் ஆனுவலில் அந்த நால்வர் அணியின் ரீட் ரிச்சர்ட்ஸுக்கும் சூ ஸ்டார்முக்கும் கல்யாணம். அதைக் கெடுக்க டாக்டர் டூம் மார்வெலின் வில்லன் பட்டாளத்தையே கிளப்பிவிடுகிறான். தடுக்க ஹீரோ பட்டாளமே வந்து நிற்கிறது. கடைசியில் தாலி கட்டும் நேரத்துக்கு (அவர்கள் வழக்கப்படி மோதிரம்) இரண்டு பேர் வாசலில் வந்து உள்ளே விடச் சொல்கிறார்கள். அழைப்பிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த இருவர்தான் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும். கதையைப் படைத்தவர்களையே மண்டபத்தில் விடவில்லை.

அந்தத் தம்பதிக்கு மகன் ஃபிராங்க்ளின் பிறந்ததும் ஆனுவலில்தான், 1968-இல். ஸ்பைடர்மேனுக்கும் மேரி ஜேனுக்கும் 1987-இல் 21-ஆவது ஆனுவலில் கல்யாணம். அதே வருஷம் ஜூன் மாதம் 5-ஆம் தேதி நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் வேடமிட்ட நடிகர்களை வைத்து நிஜமாகவே ஒரு கல்யாணம் நடத்தி, ஸ்டான் லீயே முன்னின்று முடித்து வைத்தார். மணப்பெண்ணின் கவுனை வடிவமைத்தவர் வில்லி ஸ்மித் என்ற பெயர் பெற்ற உடை வடிவமைப்பாளர். இருபது வருஷம் கழித்து மார்வெல் அந்தக் கல்யாணத்தையே ஒரு சாத்தானோடு பேரம் பேசி அழித்துவிட்டது என்பது தனி வயிற்றெரிச்சல்.

பிரிட்டனிலும் ஆனுவல் உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெயர் மட்டும்தான் ஒன்று. பிரிட்டிஷ் ஆனுவல் கெட்டி அட்டைப் புத்தகம், கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பது. 1972 டிசம்பரில் வாங்கினால் அட்டையில் 1973 என்று போட்டிருக்கும். கதைகளோடு விடுகதை, விளையாட்டு, கட்டுரை எல்லாம் கலந்து கட்டி வரும்.

நமக்கு நெருக்கமான ஆட்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, லயன் காமிக்ஸின் ஸ்பைடர் இருவரும் பிரிட்டிஷ் வார இதழ்களிலிருந்து சிவகாசிக்கு வந்தவர்கள். அந்த ஸ்பைடரின் பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர்! எண்பதுகளில் தமிழில் ஸ்பைடர் படித்தவர்கள் தங்களை அறியாமலேயே சூப்பர்மேனின் தகப்பன் எழுதியதைத்தான் படித்திருக்கிறார்கள். சரி, நம் கதைக்கு வருவோம்.

வருஷா வருஷம் தவறாமல் வந்ததா?

எங்கே! ஸ்பைடர்மேனின் முதல் ஆனுவல் 1964, பதினாலாவது 1980. பதினேழு வருஷத்தில் பதினாலு. நடுவில் வந்த சில பழைய கதைகளின் மறுபதிப்பு. அப்போது ‘கிங் சைஸ் ஸ்பெஷல்’ என்று அட்டையில் போடுவார்கள். சூப்பர்மேன் இன்னும் மோசம். எட்டாவது ஆனுவல் 1963 கடைசியில் வந்தது, ஒன்பதாவது 1983-இல். டேர்டெவிலுக்கு 1976-இல் நாலாவது ஆனுவல் வந்தது; 1989-இல் ஐந்தாவது வர வேண்டிய இடத்தில் யாரோ எண்ணிப் பார்க்காமல் மறுபடியும் நாலு என்று அச்சடித்துவிட்டார்கள். சேகரிப்பவர்களுக்கு இது நிரந்தரத் தலைவலி.

அப்படி என்னதான் நல்ல கதைகள் வந்தன?

பட்டியல் போட்டால் நீளும். எனக்கு முக்கியமாகப் படுகிற மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் ஆனுவல் என்ற இடத்தை மூன்று விதமாகப் பயன்படுத்தியவை.

முதலாவது, அடைக்கலம். ஜிம் ஸ்டார்லின் எழுதி வரைந்த, வார்லாக் என்ற விண்வெளி ஹீரோவின் தொடர் 1976-இல் நின்றுபோனது, கதை அந்தரத்தில். அடுத்த வருஷம் அவெஞ்சர்ஸ் ஏழாவது ஆனுவலிலும் மார்வெல் டூ-இன்-ஒன் இரண்டாவது ஆனுவலிலுமாகச் சேர்த்து அதை முடித்து வைத்தார். வில்லன் தானோஸ் வானத்து நட்சத்திரங்களையே அணைக்கக் கிளம்புவதும் வார்லாக்கின் சாவும் அதில்தான். சொந்த வீடு இடிந்தவனுக்கு மாமா வீட்டில் கல்யாணம் செய்து வைத்த மாதிரி.

இரண்டாவது, கணக்குத் தீர்ப்பது. 1980-இல் அவெஞ்சர்ஸ் 200-ஆவது இதழில் அந்த அணியின் வீராங்கனை கேரல் டேன்வர்ஸுக்கு ஒரு பெரிய அநியாயம் நடந்தது. அவள் சம்மதம் இல்லாமல் மனதை மாற்றி ஒருவன் கூட்டிக்கொண்டு போவதை, கூட இருந்த ஹீரோக்கள் சிரித்த முகத்தோடு வழியனுப்பி வைத்தார்கள். எழுதியவர்களுக்கு அது காதல் கதை! முன்பு கேரலின் கதைகளை எழுதிய கிறிஸ் கிளேர்மான்ட்டுக்குப் பொறுக்கவில்லை. 1981-இல் அவெஞ்சர்ஸ் பத்தாவது ஆனுவல் அவர் கையில் வந்தது. ஓவியம் மைக்கேல் கோல்டன். சான் பிரான்சிஸ்கோவில் பாலத்திலிருந்து ஒரு பெண் விழுவதில் தொடங்குகிறது. கடைசிப் பக்கங்களில் சண்டை எல்லாம் முடிந்தபின் கேரல் பழைய தோழர்களை நிற்க வைத்துக் கேட்கிறாள், நீங்கள் யாரும் ஏன் ஒரு கேள்வி கேட்கவில்லை என்று. அவர்களிடம் பதில் இல்லை. போன வருஷம் இன்னொருவர் எழுதிய கதையை அதே பாத்திரத்தின் வாயாலேயே விசாரணைக்கு நிறுத்தியது அந்த ஆனுவல். எக்ஸ்-மென் படங்களில் பார்த்த ரோக் முதலில் தலைகாட்டியதும் இதில்தான், வில்லியாக.

மூன்றாவது, ஒரே ஒரு நல்ல சிறுகதை. 1985-இல் வந்த சூப்பர்மேன் பதினோராவது ஆனுவல். எழுத்து ஆலன் மூர், ஓவியம் டேவ் கிப்பன்ஸ். சூப்பர்மேனுக்குப் பிறந்தநாள். பேட்மேன், ராபின், வொண்டர் வுமன் மூவரும் பரிசோடு அவன் பனிக்கோட்டைக்கு வருகிறார்கள். அவனோ சிலை மாதிரி நிற்கிறான். மார்பில் ஒரு கொடி படர்ந்து வேர்விட்டிருக்கிறது. மோங்குல் என்ற வில்லன் அனுப்பிய பரிசு அது. யார் மேல் படர்கிறதோ அவர் மனம் ஆழத்தில் ஆசைப்படும் வாழ்க்கையைக் கனவாகக் கொடுத்துச் செயலிழக்கச் செய்யும். சூப்பர்மேன் கனவில் அவன் பிறந்த கிரகமான கிரிப்டான் அழியவில்லை. அவனுக்கு மனைவி, பிள்ளைகள், வேலை. அதை உடைத்துக்கொண்டு வெளியே வர வேண்டுமென்றால் தன் மகன் கண்ணைப் பார்த்து, நீ நிஜமில்லை என்று சொல்ல வேண்டும்.

பேட்மேன் கொண்டுவந்த பரிசு ஒரு புது ரோஜா ரகம். ‘கிரிப்டான்’ என்று பெயர் வைத்து வளர்க்கச் சொல்லியிருந்தான். சண்டையில் அது நசுங்கிவிடுகிறது. வருத்தத்தோடு காட்டுகிறான். பரவாயில்லை, ஒருவேளை இதுவே நல்லதாக இருக்கலாம் என்கிறான் சூப்பர்மேன். கிரிப்டானை இப்போதுதான் இரண்டாவது முறை இழந்துவிட்டு வந்தவன் அதைச் சொல்கிறான். நாற்பது பக்கம், முன்னும் பின்னும் எதையும் படிக்க வேண்டாம்.

பிறகு எங்கே தடம் புரண்டது?

1988. அந்தக் கோடையில் மார்வெல் ‘எவல்யூஷனரி வார்’ என்று ஒரே கதையைப் பதினொரு ஆனுவல்களில் பிரித்துப் போட்டது. நன்றாக விற்றதால் அடுத்த வருஷம் ‘அட்லாண்டிஸ் அட்டாக்ஸ்’. இந்தத் தடவை பதினாலு ஆனுவல். தலா 2 டாலர், முழுசாகத் தெரிந்துகொள்ள 28 டாலர். துணைக்கதைகூடத் துண்டு துண்டாக அத்தனை இதழிலும் தொடர்ந்தது.

இதில் எனக்குச் சொந்த நஷ்டம் உண்டு. கல்லூரி நாட்களில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஸ்பைடர்மேன் 23-ஆவது ஆனுவல் கிடைத்தது. தடிமனைப் பார்த்துவிட்டு, பஸ் காசையும் சேர்த்துக் கொடுத்து வாங்கினேன். கடைக்காரர், முழுக் கதை தம்பி, என்று அடித்துச் சொன்னார். நடந்து வீட்டுக்கு வந்து விரித்தால் நாலாம் பாகம். முதல் மூன்று பாகம் சில்வர் சர்ஃபர், அயர்ன்மேன், எக்ஸ்-மென் ஆனுவல்களில். அடுத்த பாகம் பனிஷரில். பாம்புக் கிரீடம், ஏழு மணப்பெண்கள் என்று யார் யாரோ என்னென்னவோ பேசுகிறார்கள். ஸ்பைடர்மேன் பாவம், தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவன் மாதிரி ஓரமாக நிற்கிறான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அத்தனை தடியான புத்தகம் பாதிக் கதையாக இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

தீபாவளி மலர் வாங்கினால் அதில் ஒரு நாவலின் நாலாம் அத்தியாயம் மட்டும் இருந்து, மீதியைப் படிக்க வேறு பதின்மூன்று பத்திரிகைகளின் மலர்களையும் வாங்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தார்கள்.

டிசி வேறு மாதிரி செய்ததா?

1991-இல் ஒரு நல்ல யோசனை வந்தது. ‘ஆர்மகெடான் 2001’. பத்து வருஷத்தில் ஹீரோக்களில் ஒருவர் மோனார்க் என்ற கொடுங்கோலனாக மாறப்போகிறார், யார் என்று தெரியாது. எதிர்காலத்திலிருந்து வரும் வேவ்ரைடர் ஒவ்வொரு ஹீரோவையும் தொட்டு அவர் எதிர்காலத்தைப் பார்க்கிறான். அதனால் ஒவ்வொரு ஆனுவலும் தனித்தனியான ‘இப்படி நடந்தால்’ கதை. தொடருக்கும் தொடர்பு உண்டு, தனியாகப் படித்தாலும் ஜீரணமாகும். இந்த வடிவத்தை நான் இன்றும் மெச்சுவேன்.

கெடுத்தது முடிவு. கேப்டன் ஆட்டம்தான் மோனார்க் என்ற ரகசியம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. பதறிப்போய்க் கடைசி நேரத்தில் ஹாக் என்ற இன்னொரு ஹீரோவை மோனார்க் ஆக்கிவிட்டார்கள். கோடை முழுக்கத் துப்பு சேகரித்த வாசகன் ஏமாந்தான்.

1993-ஐப் பற்றி ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

காமிக்ஸைப் பங்குச் சந்தை மாதிரி வாங்கி அடுக்கிய காலம் அது. ஒரு புதுப் பாத்திரம் முதலில் தோன்றும் இதழ் பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போகும் என்பது நம்பிக்கை. அப்படியா, இந்தா பிடி என்று மார்வெல் அந்த வருஷத்து ஆனுவல் ஒவ்வொன்றிலும் ஒரு புதுப் பாத்திரத்தை இறக்கி, கூடவே சேகரிப்பதற்கான படச் சீட்டு ஒன்றை வைத்துப் பிளாஸ்டிக் உறையில் மூடி விற்றது. பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று பலர் பிரிக்கவே இல்லை. படிக்காமல் வைத்திருப்பதற்கென்றே ஒரு புத்தகம்! அந்தப் பாத்திரங்களில் ஒருவன் பெயர் ‘ஆடம் எக்ஸ் தி எக்ஸ்ட்ரீம்’. பெயரைப் பார்த்தாலே எந்த வருஷம் பிறந்தவன் என்று சொல்லிவிடலாம்.

டிசியும் அதே வருஷம் ‘பிளட்லைன்ஸ்’ போட்டது. வேற்றுகிரகப் பூச்சிகள் மனிதர்களின் முதுகுத்தண்டு நீரைக் குடிக்கின்றன. பிழைப்பவர்களுக்குச் சக்தி வருகிறது. இருபதுக்கும் மேற்பட்ட ஆனுவல்களில் இதே சங்கதி. வந்த வேகத்தில் எல்லோரும் காணாமல் போனார்கள், ஒருவனைத் தவிர. டீமன் இரண்டாவது ஆனுவலில் கார்த் என்னிஸும் ஜான் மெக்ரியாவும் அறிமுகப்படுத்திய டாமி மோனஹன். அந்தக் கூலிக்கொலைகாரனுக்குப் பிறகு ‘ஹிட்மேன்’ என்று சொந்தத் தொடர் வந்து 60 இதழ் ஓடியது. சாக்கடையில் தாமரை என்பார்களே, அது.

சந்தை சீக்கிரமே உடைந்தது. 1996 டிசம்பரில் மார்வெல் திவால் மனுப் போட்டது. ஆனுவல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நோய் வேறு, அது காட்டிய கொப்புளங்களில் இதுவும் ஒன்று.

கருப்பொருள் ஆனுவல்கள் என்கிறார்களே?

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து டிசி கோடைக்கு ஒரு கருப்பொருள் என்று வைத்துக்கொண்டது. 1994-இல் மாற்று உலகக் கதைகள், 1995-இல் ஹீரோக்களின் முதல் வருஷக் கதைகள், 1997-இல் பழைய மலிவு நாவல் பாணி, 1998-இல் பேய்கள், 1999-இல் மனிதக்குரங்குகள். ஆமாம், ஜஸ்டிஸ் லீக் ஆட்களே கொரில்லாக்களாக மாறும் கதை. அட்டைப்படத்துக்காகவே வாங்கலாம். 2000-இல் பல நாட்டு ஹீரோக்களை அறிமுகப்படுத்தினார்கள்; பேட்கேர்ள் ஆனுவலில் வந்த, உருமாறும் சக்தி கொண்ட அருணா இந்தியாவைச் சேர்ந்த பாத்திரம். அதன்பின் சில வருஷம் டிசி ஆனுவலே போடவில்லை. மார்வெலும் 2001-ஓடு ஏறக்கட்டியது.

ஏன் நிறுத்தினார்கள்? யாரும் வாங்கவில்லையா?

பல காரணம் சேர்ந்தது. நூலகம் என்று சொன்னேன் இல்லையா? அந்த வேலையைத் தொகுப்பு நூல்கள் எடுத்துக்கொண்டன. எண்பதுகளின் நடுவிலிருந்து ஆறு இதழ்களைச் சேர்த்துப் புத்தகமாகப் போடுவது வளர்ந்து, பிறகு அதுவே வழக்கமானது. பழைய கதைக்காக ஆனுவலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பெரிய கதைக்கும் அது தேவைப்படவில்லை. இரண்டு மடங்கு பக்கத்தோடு ஐம்பதாவது இதழ், நூறாவது இதழ், தனிக் குறுந்தொடர், எல்லா ஹீரோக்களும் சேரும் மகா நிகழ்வு என்று மாதத்துக்கு ஒரு திருவிழா. தினமும் பலகாரம் சுட்டால் தீபாவளிக்கு என்ன சுடுவது?

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, ஆள். லீ–கிர்பி, லீ–டிட்கோ காலத்தில் மாத இதழ் போடுகிறவர்களே ஆனுவலும் போட்டார்கள். பிறகு மாத இதழ் ஓவியருக்கு மூச்சுவிடவே நேரமில்லை. கூடுதலாக நாற்பது பக்கத்துக்கு எங்கே போவார்? வேறொரு எழுத்தாளர், வேறொரு ஓவியர் வந்தார்கள். அவர்கள் முக்கியமாக எதையும் மாற்றக்கூடாது, மாத இதழின் கதைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று நிபந்தனை. விளைவு, பத்திரமான, எதுவும் நடக்காத கதைகள். வாசகர்களும் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள்: ஆனுவலைத் தாண்டிப் போனாலும் ஒன்றும் குறையாது. கடைகள் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லி வாங்கும் முறையில் இப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் அவ்வளவுதான்.

இப்போதும் வருகிறதா?

வருகிறது. இரண்டு நிறுவனங்களுமே சில வருஷ இடைவெளிக்குப் பின் மறுபடியும் போடத் தொடங்கின. ஆனால் 80 பக்கம், 72 பக்கம் என்பதெல்லாம் போய், மாத இதழைவிடப் பத்து இருபது பக்கம் கூடுதல், விலை ஒரு டாலர் கூடுதல் என்ற அளவுக்கு இளைத்துவிட்டது. பழைய பழக்கமும் விடவில்லை. மார்வெல் 2021-இலும் 2023-இலும் ஒரே கதையை ஆனுவல்களில் பிரித்துத்தான் போட்டது. இடையிடையே நல்ல தனிக்கதைகளும் வரத்தான் செய்கின்றன.

மாத இதழ்களுக்கு நடுவே எந்த வரிசையில் படிப்பது?

1988-க்கு முந்தையது என்றால் கவலையே வேண்டாம், அட்டையில் உள்ள வருஷத்தைப் பார்த்து எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளுங்கள். அதன்பின் கொஞ்சம் கவனம் தேவை. வெளியிட்டவர்களே சில சமயம் வரிசை தவறியிருக்கிறார்கள். எக்ஸ்-மென்னின் காம்பிட் முறையாக அறிமுகமாவது 1990-இல் 266-ஆவது மாத இதழில். அதே கோடையின் 14-ஆவது ஆனுவல் அதற்குச் சில வாரம் முன்பே கடைக்கு வந்துவிட்டதால், அறிமுகமே ஆகாதவன் அதில் வந்து போகிறான். எது ‘முதல் தோற்றம்’ என்று சேகரிப்பவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்றால்?

1964 ஸ்பைடர்மேன் ஆனுவல், தொகுப்பு நூல்களில் சுலபமாகக் கிடைக்கும். போன கோடை விடுமுறையில் அக்கா மகனுக்கு அதைத்தான் கொடுத்தேன். முதலில் வர்ணம் பழசாக இருக்கிறது என்று முகம் சுளித்தான். சேண்ட்மேன் பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. முடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தான், ‘தொடரும்’ எங்கே என்று தேடுகிறான். இல்லை, கதை முடிந்துவிட்டது என்றேன். நம்பாமல் ஒரு பார்வை பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “மாமா, அந்தப் பாட்டிக்கு முதல்ல கண்ணாடி மாத்தணும்” என்றான்.